திரையும் கல்லும்

1973ஆம் ஆண்டு வெளிவந்த 'ராஜராஜ சோழன்' திரைப்படத்தின் வாயிலாகவே அம்மன்னனை அறிந்தோர் பலர். 2022இல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' படத்தைக் கண்டு, கல்கியின் கற்பனையாகிய நந்தினியை மெய்யென நம்புவோரும் உளர். கற்பனை குற்றமன்று, அதனை வரலாறெனக் கொள்வதே குற்றம்.

உண்மையை அளக்கும் கோல் யாது? தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டேயாம். தன் கொடையோடு தமக்கையார் குந்தவையார் முதலியோர் கொடைகளையும் மன்னன் அங்கே வெட்டுவித்தான். திருப்பதிகம் விண்ணப்பிக்க 48 பேரை அமைத்து, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்ததும், அவர்தம் பெயர்களும் அங்கே உள.

கல் மௌனமாயுள்ள இடத்திற் படம் கற்பிக்கலாம். கல் பேசும் இடத்தில் மாறுபடலாகாது. படங்கண்டு மகிழ்ந்த நாம், வலம் வருங்கால் அக்கல்லின் முன்னும் சற்றே நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.