புகட்டு

புகட்டு: வினைச்சொல். ‘புகு’ என்பதன் பிறவினை. குழந்தைக்கோ கால்நடைக்கோ பால், மருந்து போன்றவற்றை வாய்வழியே உள்ளே செலுத்துதல். அறிவையும் பழக்கத்தையும் சிறுகச் சிறுக மனத்தில் ஏற்றுதல். சங்க இலக்கியத்தில் உணவுக்கே ‘புகா’, ‘புகவு’ என்று பெயர் உண்டு.

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய சொல் ‘இன்ஸ்டில்’. லத்தீனில் ‘ஸ்டில்லா’ என்றால் துளி. துளித்துளியாக விடுவதே மூலப்பொருள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதை மருத்துவர்கள் இன்றும் இச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். சாராயம் வடிப்பதைச் சொல்லும் ‘டிஸ்டில்’ இதன் உடன்பிறப்பு. ‘இன்கல்கேட்’ என்பதன் குணம் வேறு. அது ‘கால்க்ஸ்’, அதாவது குதிகாலிலிருந்து வந்தது, மிதித்து அழுத்துவது. தமிழில் இரண்டுக்குமே புகட்டு என்று எழுதிவிடுகிறோம். சொட்டுக்கும் மிதிக்கும் ஒரே சொல் போடுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்தான்.

தமிழ்ச் சொல் விழுங்குகிறவரின் தொண்டையைப் பார்த்து நடப்பது. கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டுக்கு மருந்து புகட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். தலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயைக் கடைவாயில் செருகி, ஒரு மடக்கு இறங்கிய பிறகே அடுத்ததை ஊற்றுவார்கள். அவசரப்பட்டால் மருந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சங்கில் பால் புகட்டும் பாட்டிக்கும் இதே கணக்கு.

பாடத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுவைத்தவரையும் கொங்கு நாட்டார் தம்மவர் என்றே கொள்கிறார்கள். நன்னூல் இயற்றிய சமண முனிவர் பவணந்தியின் ஊரான சனகை, கோபிக்குத் தென்கிழக்கே பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது இப்பகுதி வழக்கு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்டியதால் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இலக்கண நூல் அது. எழுத்தையும் சொல்லையும் தொடுமுன், பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் விரையாமல், சினவாமல், மாணவன் கொள்ளும் வகையறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார் பவணந்தி. கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்ததுபோல் முறையின்றிக் கொட்டுகிறவர் ஆசிரியரே அல்லர். அரிதில் திணித்து அரிதில் எடுக்க வேண்டிய பருத்திக் குடுவை போன்றவரும் அப்படியே. நல்ல மாணவனுக்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று பசு: மேய்ந்ததைப் பிறகு அசைபோடும்.

அளவும் சொல்லியிருக்கிறார். ஒரு முறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறையில் முறையாக எடுத்துரைக்க வரும். ஆனாலும் ஆசிரியர் சொல்லிக் கிடைப்பது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, கற்றவன் தானே பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வருவது.