கழற்றிப் போட்டதில் பிறந்த வண்டி

பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்து ஹாட் ராட் ஒன்று கட்டுவதென்று அக்கா மகனும் நானும் முடிவெடுத்ததும், அவன் முதலில் எழுதியது வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். அது அப்புறம் ஆகட்டும், எதையெல்லாம் கழற்றப் போகிறோம் என்று எழுது என்றேன். இந்த வண்டியின் சரித்திரமே கழற்றுவதில்தான் தொடங்குகிறது.

1930-களில் தெற்கு கலிஃபோர்னியாப் பையன்கள் கையில் காசு இல்லை. பழைய ஃபோர்டு மாடல் டி மட்டும் மலிவாகக் கிடைத்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளிய வண்டி அல்லவா! மட்கார்டு, பம்பர், கூரை, முன்கண்ணாடி என்று கழற்றிப் போட்டார்கள். எடை குறையும், காற்றுத் தடை குறையும், செலவும் கிடையாது. மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரியின் கெட்டித் தரையில் அதை விரட்டிவிட்டு, பலர் அதே வண்டியில் வீடு திரும்பினார்கள். 1937-இல் கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. பின்னால் மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். கூட்டம் எல் மிராஜுக்கு நகர்ந்தது.

1932-இல் ஃபோர்டு, சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது: 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ‘ஃபிளாட்ஹெட்’ என்பது அதுதான். எங்கள் வண்டிக்கும் அதையே போடுவதா என்பதில்தான் வீட்டுச் சண்டை.

“மாமா, சேவி இன்ஜின் போட்டா சாவியைத் திருப்பினதும் ஓடும். இது ரேடியேட்டரைக் கொதிக்க வச்சே நம்மளைக் கொன்னுடும்.”

அவன் சொல்வதில் தப்பில்லை. ஃபிளாட்ஹெட்டில் எரிந்த புகை பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தை ஒட்டித்தான் வெளியே வரும். ஒரு பக்கம் நாலு சிலிண்டர், புகை வாய் மூன்றுதான். நடு இரண்டுக்கும் பொதுவாக ஒரே வாய். சூடேறாமல் என்ன செய்யும்? 1955-இல் சேவி, அதாவது சேவ்ரலே, 265 கன அங்குல வி-8-ஐ 162 குதிரைத்திறனோடு இறக்கியபோது பையன்கள் கட்சி மாறினார்கள். ஃபோர்டே அதற்குமுன் அமெரிக்கக் கார்களில் ஃபிளாட்ஹெட்டை நிறுத்தியிருந்தது.

ஆனாலும் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். விக் எடல்பிராக்கின் மேனிஃபோல்டும் எட் இஸ்கெண்டேரியனின் கேம் ஷாஃப்ட்டும் அதைத் தேற்றப் போய்த்தான் பேர் வாங்கின. மருமகன் பட்டியலில் இருக்கும் பாதிச் சாமானுக்கு வம்சாவளி அங்கேதான்.

வீட்டு ஆளோடு சேர்ந்து கட்டுவதும் பழைய வழக்கம்தான். பாப், டிக் பியர்சன் சகோதரர்கள் 1934 ஃபோர்டு கூப்பின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, முன்கண்ணாடியைப் படுக்கிற மாதிரிச் சாய்த்தார்கள். அன்று தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் கூரை போட்ட வண்டிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரஸ்ஸெட்டா என்ற இன்னொரு அமைப்பில்தான் ஓட்டினார்கள். அந்த டிங்கரிங் வேலையை இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணெடுக்க முடியாது.

பிரேக்கில் மட்டும் எங்களுக்குள் தகராறு இல்லை. 1932 ஃபோர்டு வண்டியில் இருந்தது கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு வந்ததே 1939 மாடலில். அன்றைய பையன்களும் பழைய இரும்புக் கடையில் அந்த மாடல் டிரம்களைக் கழற்றி வந்து மாட்டினார்கள். நாமும் அப்படியே செய்வோம் என்றேன்.

“பிரேக்கை 1939-லேர்ந்து எடுக்கலாம்னா இன்ஜினை ஏன் 1955-லேர்ந்து எடுக்கக் கூடாது?” என்கிறான். நியாயமான கேள்விதான். பட்டியலில் இன்ஜின் வரி இன்னும் காலியாக இருக்கிறது.