பொது மின்னேற்று நிலையங்களின் நம்பகத்தன்மை

பொது மின்னேற்று நிலையங்களின் நம்பகத்தன்மை என்பது, மின்தானுந்தின் ஓட்டுநர் ஒருவர் பொது இடத்திலுள்ள மின்னேற்றியை நாடும்போது அது குறையின்றி மின்னேற்றித் தரும் வாய்ப்பைக் குறிக்கும். வழக்கமாக இது இயங்குநேர விழுக்காடாகத் தரப்படுகிறது. ஆயினும், மின்னேற்றி தன் நிலையைப் பற்றித் தானே அனுப்பும் தகவலைக் கொண்டு கணக்கிடப்படும் இயங்குநேரமும், ஓட்டுநர் களத்தில் காண்பதும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை.

மின்னேற்றம் தொடங்கும் முறை

நேர்மின்னோட்ட விரைவு மின்னேற்றியில் செருகியைப் பொருத்தியதும் மின்னோட்டம் பாய்வதில்லை. தானுந்தும் மின்னேற்றியும் முதலில் வடத்திலுள்ள சமிக்கைக் கம்பி வழியாகத் தரவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மின்கல அடுக்கு ஏற்கும் மின்னழுத்த, மின்னோட்ட வரம்புகள் தெரிவிக்கப்படுகின்றன, மின்காப்பு சோதிக்கப்படுகிறது, மின்னேற்றியின் மின்னழுத்தம் மின்கல அடுக்கின் அளவுக்கு உயர்த்தப்பட்ட பின்னரே மின்னேற்றம் தொடங்குகிறது. இவற்றுடன் தொடுதிரை, அட்டை வாசிப்பி, செல்பேசிப் பிணையம், நிறுவனத்தின் வழங்கி ஆகியனவும் ஒழுங்காக இயங்க வேண்டும். மின்சாரம் தரும் பகுதி நல்ல நிலையில் இருந்தும், திரை ஒளிராத ஒரே காரணத்தால் மின்னேற்றி பயனற்றுப் போவது உண்டு.

எடுத்துக்காட்டாக, திரை, அட்டை வாசிப்பி, பிணையம், தரவுப் பரிமாற்றம், இணைப்பான் ஆகிய ஐந்தும் தனித்தனியே 99% நம்பகமானவை என்றும், ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்வோமாயின், ஐந்தும் ஒருசேர இயங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 95% மட்டுமே.

சான் பிரான்சிசுக்கோ விரிகுடாப் பகுதி ஆய்வு

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ரெம்பெலும் பிறரும் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட கள ஆய்வாகும். விரிகுடாப் பகுதியின் ஒன்பது கவுண்டிகளில், சிசிஎஸ் வகை இணைப்பான் கொண்ட 181 பொது நிலையங்களிலிருந்த 657 மின்னேற்றிகள் நேரில் சோதிக்கப்பட்டன. இரண்டு நிமிடங்கள் மின்னேற்றித் தந்தாலே அது இயங்குவதாகக் கொள்ளப்பட்டது. இவ்வளவு எளிய தேர்விலும் 72.5% மின்னேற்றிகளே தேறின. 22.7% இயங்கவில்லை, செயலிழந்த திரை, கட்டணம் செலுத்த இயலாமை, மின்னேற்றம் தொடங்காமை, பிணையக் கோளாறு, உடைந்த இணைப்பான் ஆகியன காரணங்கள். எஞ்சிய 4.9% இடங்களில் வடம் தானுந்தின் மின்னேற்று வாயை எட்டவில்லை. இக்கடைசி வகை எந்த வழங்கியிலும் பழுதாகப் பதிவாகாது என்பது கவனிக்கத்தக்கது.

சுமார் பத்தில் ஒரு பங்கு மின்னேற்றிகள் எட்டு நாட்கள் அளவில் கழித்து மீண்டும் சோதிக்கப்பட்டபோதும் மொத்த நிலை மாறவில்லை. நிறுவனங்கள் அறிவித்து வந்த இயங்குநேரமோ 95 முதல் 98% ஆக இருந்தது.

சட்ட விதிகள்

ஐக்கிய அமெரிக்கா, நடுவண் அரசின் நிதியுதவி பெறும் நிலையங்களுக்கு 2023 ஆம் ஆண்டில் 97% ஆண்டு இயங்குநேரத்தை விதித்தது. இது ஒவ்வொரு மின்னேற்று முனைக்கும் தனித்தனியே பொருந்தும். ஆண்டின் 525,600 நிமிடங்களை அடிப்படையாகக் கொண்டால், ஏறத்தாழ 263 மணிநேரம், அதாவது 11 நாட்கள் வரை பழுது ஏற்கப்படும். மின்தடை, தானுந்தின் கோளாறு, திட்டமிட்ட பராமரிப்பு, நாசவேலை, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் இழந்த நேரம் கணக்கில் சேராது. செப்புக்காக வடங்களை வெட்டித் திருடுவதும் இவ்வாறே விலக்குப் பெறுகிறது. ஓட்டுநருக்கு அது வேறு எந்தப் பழுதினின்றும் வேறுபட்டதன்று.

ஐக்கிய இராச்சியத்தின் 2023 ஆம் ஆண்டு விதிகள், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள மின்னேற்றிகளுக்கு 99% நம்பகத்தன்மையைக் கோருகின்றன. இது நவம்பர் 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இவ்வளவு ஒரு நிறுவனத்தின் பிணையம் முழுவதற்குமான சராசரியாகும். ஆகவே, பெரிய பிணையமொன்றில் தொலைவான ஊரிலுள்ள ஒரே மின்னேற்றி மாதக்கணக்கில் பழுதாகக் கிடந்தாலும் சராசரி அதிகம் குறையாது.

மாற்று அளவைகள்

இயங்குநேரத்துக்கு மாற்றாக, நிலையத்துக்குச் சென்றவர்களுள் மின்னேற்ற இயலாது திரும்பியவர்களின் விகிதமும் அளக்கப்படுகிறது. ஜே. டி. பவர் நிறுவனத்தின் அமெரிக்கக் கருத்தாய்வில் இது 2024 ஆம் ஆண்டில் 19% ஆகவும், 2025 ஆம் ஆண்டில் 14% ஆகவும் இருந்தது. அமெரிக்கத் தேசிய ஆய்வகங்களின் தலைமையில் 2023 ஆம் ஆண்டில் அமைந்த சார்ஜ்எக்ஸ் கூட்டமைப்பு, முதல் முயற்சியிலேயே மின்னேற்றம் தொடங்கும் வாய்ப்பையும் ஓர் அளவையாக வரையறுத்தது.