அப்பத்தாவுக்கு வைத்த பரீட்சை

வயதானவர்களுக்கு வரும் டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் புழங்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகிய மூவரும் வெளியிட்டது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வா, ஒரு வாக்கியம் எழுது, இந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பள்ளிக்கூடம் போனவர்களுக்கு.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எங்கள் அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. டாக்டர் தேதி கேட்டதும், "அமாவாசை போயி மூணாம் நாளு தம்பி" என்றாள். சரியான பதில்தான், தாளில் அதற்கு இடமில்லை. நூறில் ஏழு போனால் எவ்வளவு என்றதற்கு, "ஏழு எதுக்குப் போகணும்?" என்று திருப்பிக் கேட்டாள். பேனாவை நீட்டியபோது அதை வாங்கி என் மடியில் போட்டாள். "நீ எழுது ஆத்தா."

இந்தச் சிக்கலை 1990களில் அரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் மேரி கங்குலி குழுவினர் நேராகச் சந்தித்தார்கள். தேதி தெரியாதவரிடம் இப்போது காலையா மாலையா என்று கேட்டார்கள். நூறு இருபதானது, ஏழு மூன்றானது. 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதை விட்டு, கேட்பவரே கண்ணை மூடிக் காட்டி அதேபோல் செய்யச் சொன்னார். எழுத வேண்டிய வாக்கியத்தை வாயால் சொன்னால் போதும் என்றானது. கேட்கச் சின்ன மாற்றங்கள்தான். ஆனால் படிக்காதவரை நோயாளியாக்கும் அநியாயம் இதனால் குறைந்தது.

கனடாவின் கிரீ பழங்குடியினரிடையே வேறொரு முறை உருவாகியிருந்தது. சுத்தியல் எதற்கு, பாலம் என்றால் என்ன என்பது போன்ற கேள்விகள் முதியவருக்கு. அவருடைய அன்றாட நடமாட்டத்தைப் பற்றி வீட்டாருக்கும் தனியாகக் கேள்விகள்.

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதே அந்தப் பெயரின் கணக்கு. ஏழு நாடுகளில் 65 வயது கடந்த ஏறக்குறைய 15,000 பேரை, கிரீ மக்களிடம் உருவான கேள்விகளையும் சேர்த்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் நடந்தது. முடிவு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவ வரையறைப்படி எண்ணியபோது இந்தியக் கிராமப்புறத்தில் கிடைத்தது வெறும் 0.3 சதவீதம். கியூபாவில் 6.3. குழு தானே வகுத்த முறையிலோ எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை.

நம் கிராமத்துக் காற்றின் மகிமை என்று சிலர் மார்தட்டிக்கொள்ளக்கூடும். ஆனால் அந்த அமெரிக்க வரையறைக்கு அன்றாட வேலையில் தடுமாற்றம் இருந்தாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். அவர்கள் சொல்லவில்லை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்ததும் அம்மா அடுப்படியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். கடைக்குப் போன அப்பத்தா வழி தெரியாமல் கோயிலடியில் உட்கார்ந்திருந்த பிறகு, தம்பி சைக்கிளை எடுத்தான். அப்புறம் யார் வந்து கேட்டிருந்தாலும், சமையலில் தடுமாற்றமோ வழி தவறுவதோ கிடையாது என்றுதான் சத்தியமாகச் சொல்லியிருப்போம். டாக்டர் கேட்டது வேறு மாதிரி: "இப்ப நீங்க செய்யறதுல எதெல்லாம் முன்னாடி அவங்க செஞ்சது?" அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ரேஷன், பால் கணக்கு, சீட்டுப் பணம், மாட்டுக்குத் தண்ணி காட்டுவது...