தேக்காவில் மச்சான், மயிலத்தில் யாரோ

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் சித்தப்பா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுக்குக் கூட்டிப் போனான். ரேஸ்கோர்ஸ் ரோட்டு ஓரம் புல்தரை முழுக்க நம்மூர் ஆம்பிளைகள். தோளில் கை, மடியில் தலை. ஒரு பொட்டலச் சோற்றில் நாலு கை. தம்பியோடு ஒரே பொட்டலத்தில் தின்றவர் எங்கள் பக்கத்து ஊர்த்தெருக்காரர். "வா மச்சான்" என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. எங்கள் அப்பா அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்.

அந்த மண் சொர்க்கமில்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ராத்திரி அதே ரோட்டில் பஸ் மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் செத்தார். கலவரம் வெடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். போலீசுக்கு எல்லாரும் ஒரே கூலிக் கூட்டம்தான். அந்தப் பொதுக் கஷ்டம்தான் அவர்களை ஒன்றாக உட்கார வைக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது எத்தனை நாளைக்கு?

அண்ணல் அம்பேத்கரை நினைத்துக்கொண்டேன். 1913இல் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அறைத் தோழர் நவல் பதேனா என்ற பார்சி. வெளிநாட்டில் இருந்த வருசங்களில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே அழிந்துபோனதாக அவரே எழுதியிருக்கிறார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் ஒரு பார்சிக் கூட்டம் தடியோடு வந்து விரட்டியது. அந்த ஊரிலேயே அவருக்கு ஒரு இந்து நண்பரும் ஒரு கிறித்தவ நண்பரும் இருந்தார்கள். ஒருவர் வேலைக்காரர்களைச் சாக்குச் சொன்னார், இன்னொருவர் மனைவியைச் சாக்குச் சொன்னார். பம்பாய் ரயில் வரும்வரை பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

விரட்டியதும் பார்சி, கைவிடாததும் பார்சி. பதேனா ஊர் திரும்பியும் நண்பராகவே இருந்தார். 1920இல் அம்பேத்கர் படிப்பை முடிக்க மறுபடி லண்டன் போனபோது கடன் கொடுத்தார். ஊர் திரும்பியும் நிற்பதுதான் சிநேகம்.

போன பங்குனி உத்திரத்துக்கு அந்த மச்சானும் லீவில் வந்திருந்தார். மயிலம் அடிவாரத்தில் சொந்தக்காரர்களோடு நின்றார். தம்பி கையைத் தூக்கினான். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"விடுண்ணா. அடுத்த மாசம் அங்க வந்தா மறுபடியும் மச்சாம்பாரு" என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1978இல் விழுப்புரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றார்களே, அந்த ஊரிலும் முந்தின நாள் வரை சிரித்துப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொல்லும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: போவதில்லை, பெட்டியோடு ஊரிலேயே காத்திருக்கிறது. தேக்கா புல்தரையில் தின்ற சோறு எங்களுக்குப் போதாது. மயிலம் டீக்கடை பெஞ்சில், ஊர் பார்க்க, பக்கத்தில் வந்து உட்காரட்டும். அன்றைக்கு நாங்களும் மச்சான் என்று கூப்பிடுகிறோம்.