கடையாணி முதல் கிரவுன் ஆயில் வரை

மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு 'மசகு' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயிலோ தகர டப்பாவிலோ அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் ஒரு தடவு தடவினால் போதும். 'கிறீச் கிறீச்' என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த வண்டி வாயை மூடிக்கொள்ளும். இதற்காக எந்த வண்டிக்காரரும் ஒர்க் ஷாப் தேடிப் போனதில்லை. வீட்டு வாசல்தான் ஒர்க் ஷாப்!

புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் சாலைகளில் அந்த வண்டிகளுக்குப் போட்டியாக மோட்டார் வந்தது 1912-ல். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். பின்னாளில் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தாக ஊரெங்கும் தெரிந்தாரே, அவரேதான். திருக்குறுங்குடிக்காரர். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு பஸ்ஸுக்கு வந்தவர். அப்போது புதுக்கோட்டை, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் சமஸ்தானம். ரயில் அந்த ஊரை எட்டிப் பார்த்ததே 1929-ல்தான். ஆக, சமஸ்தானத்து ஜனங்கள் பலர் ரயிலுக்கு முன்னாலேயே பஸ்ஸைப் பார்த்துவிட்டார்கள்.

ஐயங்காரின் பெரிய தலைவலி எது தெரியுமா? ஆணி! மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் பஸ் டயரைப் பதம் பார்த்தன. ஒரு வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி சாலையில் ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று இன்றும் சொல்வார்கள். இந்தக் காந்தத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. மாட்டு வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றும். அச்சு சும்மா இருக்கும். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் மெதுவாக உருளும், வெளிப்பக்கச் சக்கரம் வேகமாக உருளும். ஒரு வம்பும் இல்லை. ஆனால், மோட்டாரில் இன்ஜின் அல்லவா சக்கரத்தைச் சுற்றுகிறது? இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால், நேர் சாலையில் பிரச்னை தெரியாது. திரும்பும்போது தெரியும்!

புதுக்கோட்டையில் திருப்பத்துக்கா பஞ்சம்? சேஷையா சாஸ்திரி 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தில் இருந்தபோது நகரத்தையே கோடு போட்டாற்போல மாற்றி அமைத்தார். கீழ ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என்று எல்லாம் நேர் வீதி, செங்கோண முனை. சக்கரங்களுக்கு நடுவே ஆறடி அகலம் உள்ள ஒரு பஸ் அப்படி ஒரு முனையில் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஒன்பது அடிக்கு மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். இறுக்கிக் கட்டியிருந்தால் டயர் தேயும், இல்லையென்றால் அச்சு முறியும். தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறார்களே, ஏறக்குறைய அதே சங்கடம்தான். பஸ்ஸுக்கு முனைக்கு முனை முட்டுக்கட்டை போட ஆள் வைக்க முடியுமா?

இதற்கு விடை ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. 1820-களின் கடைசியிலேயே பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1877-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதையே மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டி. மகன் இளந்தாரி, அவன் மிதித்த மிதியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் செடிக்குள் விழுந்ததாம். 'இரண்டு சக்கரமும் தத்தம் வேகத்தில் ஓடணும், ஆனா இரண்டுக்கும் சக்தி போகணும்' என்று அப்பா மண்டையைக் குடைந்துகொண்டதில் பிறந்ததுதான் டிஃபரன்ஷியல். நம்மூர் மெக்கானிக் பாஷையில் 'கிரவுன்'. லாரிக்கு அடியில், பின் சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்குள்தான் இருக்கிறது.

அந்தப் பூசணிக்காய்க்கும் மசகு வேண்டும். இங்கேதான் விஷயம் கொஞ்சம் சோகமாகிறது. 1926-ல் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி 'ஹைபாய்ட்' என்ற புதுவகைப் பல்லைக் காருக்குக் கொண்டுவந்தது. இன்ஜினிலிருந்து வரும் தண்டைக் கீழே இறக்கலாம். அதனால் காரின் தரையும் தாழும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால், இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் பலமாக உரசி வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். கந்தகம் கலந்த எண்ணெய்தான் பல்லைக் காப்பாற்றும். அந்தக் கந்தகத்தைச் சுமக்க ரொம்பத் தோதாக இருந்தது ஒரு பிராணியின் எண்ணெய். ஸ்பெர்ம் திமிங்கிலம்! கார் வழுக்கென்று திரும்புவதற்காகக் கடலில் திமிங்கிலம் செத்தது. 1970-ல் அமெரிக்கா அதை அழியும் இனம் என்று பட்டியலில் சேர்த்து இறக்குமதியை நிறுத்திய பிறகுதான், ரசாயனக்காரர்கள் உட்கார்ந்து மாற்று எண்ணெய்களைத் தேடிப் பிடித்தார்கள். நம் விளக்கெண்ணெயும் இந்த வரலாற்றில் உண்டு. 1909-ல் வந்த 'காஸ்ட்ரால்' என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். பழைய மூங்கில் குழாய் சீமைக்குப் போய்த் திரும்பி வந்த மாதிரி!

இப்போது புதுக்கோட்டை கிராமங்களில் மாட்டு வண்டி நின்ற இடத்தில் பெரும்பாலும் 'குட்டி யானை' நிற்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு ஜனங்கள் வைத்த பெயர். அதற்கும் பின்னால் ஒரு பூசணிக்காய் உண்டு. அதன் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய வித்தை இல்லை. ஆனால், ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் எதைத் திறப்பது?

அவசரக்காரர்கள் அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்து பழைய ஆயிலை ஓடவிட்டு விடுவார்கள். அப்புறம் மேலே ஊற்றும் போல்ட் துருப்பிடித்து வரவே வராது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, வண்டியை ஓட்டி மெக்கானிக்கிடம் போகவும் முடியாது. அதனால் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் சீக்கிரம் வடியும். சமதளம் முக்கியம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. உறுதியான ஸ்டாண்டு வைக்காமல் படுக்கவே கூடாது.

பல வண்டிகளில் வடிக்கும் போல்ட்டின் நுனியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். ஐயங்காரின் காந்தம்தான், அளவு மட்டும் குறைந்திருக்கிறது! அதில் மை மாதிரி சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தால் கவலை இல்லை, பல் தேய்வது இயற்கை. நகம் அளவுக்கு இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஒருநாள் பின் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் சந்தைக்குப் போகிற ஆட்களும் உட்கார்ந்திருந்தால்? ஆயில் பால் விட்ட காபி மாதிரி வந்தால், தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் வெள்ளாற்றுத் தரைப்பாலங்களில் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு இது சகஜம். சூடான கூடு சட்டென்று குளிரும்போது காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

புது ஆயில், வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிற நம்பரில் வேண்டும். கடையில் '90 ஆயில்' என்று மொட்டையாகக் கேட்டால், கியர் பாக்ஸுக்கு உரியதையும் கொடுத்துவிடுவார்கள். கந்தகம் அதிகமுள்ள கிரவுன் ஆயில் சில கியர் பாக்ஸ்களில் இருக்கும் பித்தளையை அரித்துவிடும். அது வேறு, இது வேறு. ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூட வேண்டியதுதான்.

வடித்த பழைய ஆயிலை வேலிக்காலில் கறையானுக்குத் தடவுவதும், வாய்க்காலில் கொட்டுவதும் நம்மூர் வழக்கம். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் மண்ணில் விழுந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். இது ஆகாது. கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்துவிடும். இது அபாயக் கழிவு, கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் சொல்கின்றன. புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்குகிற ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.