துடைப்பத்துக்கு வழிவிட்ட தெரு

ஜோசப் விட்வொர்த்தைத் திருகாணியோடு சேர்த்துத்தான் பொறியாளர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். திருகு மரைகளுக்கு எங்கும் ஒரே அளவு வேண்டும் என்று 1841-ல் முன்மொழிந்தவர் அவர். அதே காலத்தில் மான்செஸ்டரில் தெருக் கூட்டும் வண்டி ஒன்றையும் உருவாக்கினார். குதிரை இழுக்க, சக்கரம் சுழலும். அந்தச் சுழற்சி வண்டியின் பின்புறம் வரிசையாகக் கட்டிய துடைப்பங்களுக்குப் போகும். அவை சேற்றையும் சாணத்தையும் சாய்வான பலகைமேல் ஏற்றி உள்ளே தள்ளும். மோட்டார் இல்லை. ஆனாலும் கை படாமல் தெருவைத் தேய்த்து அள்ளும் இன்றைய வண்டிகளின் அடிப்படை அதில் இருந்தது. அன்று முதல் இன்றுவரையான கதையை, திறமையான ஒரு கருவி மனித உழைப்பைப் படிப்படியாக விலக்கிய கதையாகச் சொல்வது வழக்கம். நடந்தது வேறு. துடைப்ப இயந்திரம் எந்த ஊரையும் தன் பலத்தால் மட்டும் சுத்தமாக்கியதில்லை. தெருவின் மேற்பரப்பும், அங்கே எதை நிறுத்தலாம் என்ற சட்டமும், கூட்டும் ஆளின் வேலையும் ஒழுங்கான இடத்தில்தான் அது பயன் தந்தது.

லண்டனில் எழுந்த விவாதத்திலேயே இதைப் பார்க்கலாம். ஹென்றி மேஹ்யூ 1851-ஐ ஒட்டி வெளியிட்ட லண்டன் உழைப்பாளிகள் பற்றிய பெருநூலில் தெருக் கூட்டுதலுக்குப் பல பக்கங்களை ஒதுக்கினார். இயந்திரத்தால் கூட்டுவது, கூலியாட்களால் கூட்டுவது, அரசு உதவியை நம்பி வாழ்ந்த ஏழைகளைக் கொண்டு கூட்டுவது ஆகியவற்றின் செலவையும் விளைவையும் அவர் ஒப்பிட்டார். அதே ஆண்டுகளில் சார்லஸ் காக்ரன் என்பவர் இயந்திரத்துக்கு மாற்றாக, வேலையற்றவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பகல் முழுவதும் தெருவில் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார். சாணம் விழுந்த உடனே அள்ளிவிட வேண்டும் என்பது அவர் வாதம். வண்டி கடந்துபோன அடுத்த நிமிடமே இன்னொரு குதிரை அதே இடத்தை அசுத்தமாக்கும். இயந்திரம் தெருவை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறது. தெருவிலேயே நிற்கும் ஆள் நாள் முழுக்கப் பார்க்கிறான். ஏழைகள்மேல் கொண்ட இரக்கம் மட்டுமே அந்தத் திட்டத்தை நடத்தியது என்று ஒதுக்கிவிட முடியாது. குப்பை எப்படி உருவாகிறது என்பதை அது சரியாகக் கணித்தது.

அரை நூற்றாண்டு கழித்து நியூயார்க் இதற்கு வலுவான சான்று தந்தது. 1895-ல் ஜார்ஜ் வாரிங் அங்கே தெருத் தூய்மை ஆணையராகப் பொறுப்பேற்றபோது, சுழலும் துடைப்ப வண்டி உலகுக்குப் பழைய செய்தி. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் நெவார்க்கைச் சேர்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் சார்லஸ் புரூக்ஸ், மேம்பட்ட வண்டி ஒன்றுக்கு 1896-ல் காப்புரிமை பெற்றார். இந்த வண்டியையே முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று இன்று பலர் எழுதுவது தவறு. அவருடைய பங்களிப்பை மதிக்க அந்த மிகை தேவையும் இல்லை. ஆனால் நியூயார்க்கை மாற்றியது வாரிங்கின் கைத்துடைப்பப் படை. அரசியல் கட்சியின் கைக்குள் இருந்த துறையை அவர் விடுவித்தார். கூட்டுபவர்களுக்கு வெள்ளைச் சீருடை அளித்தார். 1896-ல் அவர்களை நகர வீதியில் அணிவகுக்கச் செய்தார். அதோடு, இரவில் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தெருவோரம் நிறுத்திவைத்த ஆயிரக்கணக்கான பார வண்டிகளை அப்புறப்படுத்தினார். கூட்டுவதற்குத் தரை கண்ணில் பட வேண்டும் என்ற எளிய உண்மையை அவர் நிர்வாகமாக மாற்றினார்.

மோட்டார் வந்த பிறகும் இந்த உண்மை மாறவில்லை. இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் ஊரைச் சேர்ந்த ஜான் மர்ஃபி என்பவரின் முயற்சியில் உருவான மூன்று சக்கர மோட்டார் வண்டி, 1914-ஐ ஒட்டி ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் ஓடத் தொடங்கியது. சாலையோரக் கல்லை ஒட்டிச் சுழலும் வட்டத் துடைப்பம் குப்பையை நடுவே தள்ள, பின்னால் உருளும் பெரிய துடைப்பம் அதை அள்ளித் தொட்டிக்கு அனுப்பும் அமைப்பு இன்றும் தொடர்கிறது. அந்த நாட்களில் இத்தகைய துடைப்பங்களுக்கு விறைப்பான பனை வகை நார்களே ஏற்றவை. நம் பனைமட்டையின் அடியிலிருந்து அடித்துப் பிரித்த தும்பும் தூரிகைத் தொழிலுக்காகத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. வண்டிக்கு வேகம் வந்தது, தொட்டி பெரிதானது. ஆனால் ஓரத்தில் கார் நின்றால் வட்டத் துடைப்பம் விலகித்தான் போக வேண்டும். குப்பை தங்குவதோ அந்த ஓரத்தில்தான். எனவே 1950-ல் நியூயார்க், குறித்த நாளில் தெருவின் ஒரு பக்கத்தில் கார் நிறுத்தக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. ஊர் முழுவதும் கார்களை இடம் மாற்றினால்தான் இயந்திரத்தால் வேலை செய்ய முடியும் என்று அந்த நகரம் சட்டமாகவே ஒப்புக்கொண்டது.

சுத்தம் என்பதன் பொருளையும் இந்த வண்டி சற்றுக் குழப்பியது. 1972-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, பல நகரங்களின் தெருத் தூசியைச் சலித்து அளந்தது. 43 மைக்ரானுக்கும் குறைவான நுண்தூசி எடையில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கும் சத்துகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதில் இருந்தது. துடைப்ப வண்டி பெரிய குப்பையை நன்றாக அள்ளியது. இந்த நுண்தூசியைப் பெரும்பாலும் விட்டுச் சென்றது. பார்வைக்குச் சுத்தமான தெரு, மழை பெய்ததும் ஆற்றுக்கு நஞ்சை அனுப்பியது. காற்றால் உறிஞ்சும் வண்டிகளின் தேவையை நகரங்கள் பின்னர் உணர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் மறுப்பாக ஒன்றைச் சொல்லலாம்: கைத்துடைப்பத்தைப் புகழ்வது, குனிந்து தூசியைச் சுவாசிப்பவரை அந்த நிலையிலேயே வைத்திருப்பதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மேம்பாலத்திலும் விரைவுச் சாலையிலும் வாகனங்களுக்கு நடுவே ஒருவரைத் துடைப்பத்தோடு நிறுத்துவது கொடுமை. அங்கே இயந்திரமே போக வேண்டும். சென்னையின் பெரிய சாலைகளில் மாநகராட்சியின் வண்டிகள் ஓடுவதை எதிர்க்கக் காரணமில்லை. ஆனால் ஓரக்கல் உடைந்த, மண் மூடிய, இருபுறமும் வண்டிகள் நிற்கும் உள் தெருக்களுக்கு அந்த வண்டி வருவதே அரிது. அங்கே தென்னந்துடைப்பம்தான் வேலை செய்கிறது. அதைப் பிடித்தவர்கள்தான் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே, தங்கள் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பதை எதிர்த்து நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரம் வந்தால் அவர்கள் வேலை இலகுவாகும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் காட்டி அவர்களுடைய பணி நிரந்தரத்தையும் கூலியையும் குறைப்பதற்கு நூற்றெண்பது ஆண்டு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

புதிய வண்டி வாங்கும் மாநகராட்சிகள், அது ஓடிய கிலோமீட்டரோடு நிறுத்தாமல், ஓரத்தில் எத்தனை வண்டிகளைச் சுற்றிப் போனது, எவ்வளவு தூசியை விட்டு வந்தது என்பதையும் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவை, பின்னால் துடைப்பத்தோடு போகிறவர்களின் சம்பளத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் மேசைமேல் வைக்கட்டும்.